பங்களா வாசலில் எக்ஸ்ரே வண்டி

மார்ச் 4
இனி நான் எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் எவனும் நம்பமாட்டான். பெயர்ப்பலகை எழுதும் என் பிரஷ் மீது சத்தியம்.

எங்கள் சந்தில் பதினெட்டு அறைகள். அறைக்கு ஆறு பேர். சந்து முழுக்க ஒரே ஜன்னல், அதையும் வீட்டுக்காரர் பலகை வைத்து அடித்துவிட்டார். முதல் அறையில் ஒருவன் இருமினால் பதினெட்டாம் அறையில் சட்டை பறக்கும்.

அக்கா மகள் மூன்று வாரமாக இருமுகிறாள். "தையல் கூடத்துத் தூசிதான் மாமா. நீங்க வேற ஊரைக் கூட்டாதீங்க."

தூசியாம்!

மார்ச் 9
சுகாதார அலுவலகம் எக்ஸ்ரே வண்டி அனுப்பியிருக்கிறது. ஏழு யானை அளவு. எங்கே நின்றது? எங்கள் சந்திலா? பெரிய தெருவில், வீட்டுக்காரரின் பங்களா வாசலில்! நாலு பேருக்கு நாற்பது ஜன்னல் உள்ள வீடு அது. அங்கே நாய்கூட இருமாது.

மார்ச் 10
இன்றும் அங்கேயே. நாய் மட்டும் ஏறி இறங்கியது.

மார்ச் 11
போய்க் கத்தினேன். அலுவலகக் கூரை மூன்றடி எழும்பி இறங்கியது. நர்ஸ் அசையவில்லை. சுவரில் ஊர் வரைபடம். ஒரு டி.பி. நோயாளிக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பங்களா மேல் ஒன்பது புள்ளிகள். எங்கள் சந்து வெள்ளை வெளேர்.

"உங்க சந்துல ஒரு கேஸ்கூட இல்லையே அண்ணா. ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க?"

"அந்த வீட்ல இருக்கறதே நாலு பேரும்மா!"

"நோயாளிங்க குடுத்த விலாசம் அது. நான் என்ன வீடு வீடா வந்து எண்ணினேனா?"

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். யாரை என்று எழுதமாட்டேன்.

மார்ச் 12
புள்ளிகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். எல்லாம் எங்கள் சந்து. இஸ்திரிக்காரர், மூட்டை தூக்குகிறவர், தையல் கூடத்துப் பெண்கள்... டி.பி. என்று தெரிந்தால் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டி வெளியே எறிவார். எறிந்திருக்கிறார். அதனால் பொய் விலாசம், ஒளித்துத் தின்ற மாத்திரை. தப்பா? இல்லை. பிறகு ஏன் எனக்கு இப்படி எரிகிறது?

மார்ச் 15
சளியில் ரத்தம். எந்தத் தூசிடி ரத்தமா வரும்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

நர்ஸ் விலாசம் கேட்டாள். அக்கா மகள் என் காதில், "பங்களா விலாசமே சொல்லிடவா மாமா?"

இவளுக்கும் தெரிந்திருக்கிறது!

"நம்ம விலாசத்தைச் சொல்லு."

"தொரத்திடுவாரு மாமா."

"தொரத்தட்டும். பாத்துக்கலாம்."

மார்ச் 17
டி.பி.தான். ஆறு மாதம் மாத்திரை. ஒரு நாள் விடக் கூடாது. அதற்குத் தலைக்கு மேல் கூரை வேண்டாமா?

மார்ச் 18
எட்டுப் பேரைக் கூட்டி உட்காரவைத்தேன். "ஒருத்தரைன்னா தூக்கி எறிவாரு. சந்து முழுசையும் எறிய முடியுமா? போய் நிஜ விலாசத்தைக் குடுங்க."

இஸ்திரிக்காரர் கேட்டார்: "யோவ், அந்த விலாசத்தைச் சொல்லிக்குடுத்ததே யாருய்யா?"

எனக்குத் திடீரென்று காது கேட்கவில்லை.

ஏப்ரல் 2
எட்டுப் பேரும் நிஜ விலாசம் கொடுத்துவிட்டார்கள். வண்டி சந்து முனையில் நிற்கிறது. வரிசை நிலா வரைக்கும். வீட்டுக்காரர் ஆடிக்கொண்டு வந்தார், எல்லோரையும் காலி செய்யச் சொல்லி. நர்ஸ் வரைபடத்தை விரித்தாள்.

"என் வீட்டு மேல என்னம்மா இது? எடு முதல்ல!"

"எடுத்து இந்தச் சந்துல வைக்கிறேன் சார். இவங்க இங்கயே இருந்தாத்தான் வைக்க முடியும்."

மனிதர் காலி செய்யும் பேச்சை விட்டார். ஜன்னல் பலகையையும் பிடுங்கச் சொன்னார்.

அக்கா மகளுக்கு மாத்திரை பதினேழாம் நாள். அவள் பாய் இப்போது ஜன்னலோரம்.

ஏழு யானை பொய். கூரை எழும்பியதும் பொய். ஒன்று மட்டும் நிஜம். எட்டுப் பேர் போக மீதமிருந்த ஒன்பதாவது புள்ளி நான். பங்களா வாசலில் கதவு எண் எழுதியவன் நான். இரண்டு வருடம் முன்பு நர்ஸ் விலாசம் கேட்டபோது, முதன்முதலில் அந்த எண்ணைச் சொன்னவனும் நான். சிரித்துக்கொண்டே சொன்னேன்.