முசேவுக்கு ஒரு போன்

அக்கா,

இன்று உன் லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சோம்பு. ஸ்பேஸ் பட்டைக்கும் மேல் வரிசைக்கும் நடுவே பாதி இறங்கி, பச்சை போய்ப் பழுப்பாகிக் கிடந்தது. நகத்தால் எடுத்து மோந்து பார்த்தேன். வாசனை போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, துப்பட்டாவில் கை துடைத்துக்கொண்டே நீ நாற்காலியை இழுக்கும்போது வருமே, அதே வாசனை, கொஞ்சமாக.

ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. சன்னல் வழியாக இறங்கிய தண்ணீரில் என் கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று. அதனால்தான் நம் முதலாளி மதாம் பீரோவைத் திறந்து, ஆடி மாதத்திலிருந்து உள்ளேயே இருந்த உன் லேப்டாப்பை எடுத்து என் மேசையில் வைத்தார்கள். "இத வெச்சிப் பாரு மா" என்றார்கள். உன் பெயரை இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஆடியில் காய்ச்சல் என்று லீவு சொன்னாய். "ரெண்டு நாள்ல வந்துடுவேன், என் நாற்காலிய யாருக்கும் குடுக்காத" என்றாய். கருவடிக்குப்பத்தில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் சங்கு ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுகூட, உள்ளேயிருந்து நீ சிரித்துக்கொண்டே வருவாய் என்றுதான் நின்றிருந்தேன். நாற்காலியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்பா வேலை பார்த்த மில்லை மூடியதும் என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. எல்லாரும் பாவம் என்றார்கள். இனி எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இந்த ஆபீசுக்கு நீதான் கூட்டி வந்தாய். மதாம் என்னிடம் கேட்டதற்கெல்லாம் நீயே பதில் சொன்னாய். "ஊமையா இவ?" என்று மதாம் கேட்டார்கள். "பேசுவா மதாம், ஸ்டாக் வெச்சிருக்கா" என்றாய். நான் உன்னை நீங்கள் என்று சொன்னபோது, "நீங்க நீங்கன்னா எனக்கு வயசாயிடும், நீன்னு சொல்லு" என்று காதைத் திருகினாய்.

பிரான்சில் ஒரு கடை. அந்தக் கடையில் பொருள் வாங்கியவர்களின் விலாசத்தை இங்கே உட்கார்ந்து நாம் அடிக்க வேண்டும். ஆனால் நாம் அடிப்பது நம் கம்ப்யூட்டரில் இல்லை. நம் திரையில் ஒரு சன்னல் திறக்கும். அதற்குள் தெரிவது அங்கே இருக்கிற கம்ப்யூட்டர். நம் கை இங்கே அசைந்தால் அங்கே எழுத்து விழும். முதல் நாள் நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். நீ என் விரலைப் பிடித்து விசைமேல் வைத்தாய்.

அந்தச் சன்னலின் மூலையில் ஒரு கடிகாரம் இருந்தது. நமக்கு உச்சி வெயில் என்றால் அதில் காலைதான். நீ அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். "இன்னிக்கின்னு ஒண்ணு அங்க இன்னும் புதுசாவே கெடக்குது பாரு" என்பாய். விலாசங்களில் தெருவுக்கு ரூ, ரூ என்று வரும். நம் ஊர்த் தெருமுனை நீலப் பலகைகளில் இருக்கிற அதே ரூ. அதனால் எனக்கு அந்தத் தெருக்களெல்லாம் கடற்கரைக்குப் பின்னாலேயே இருப்பதாகத் தோன்றும். மஞ்சள் சுவர், காகிதப்பூ, மூடிய கதவு. கதவுக்கு உள்ளே யார் இருப்பார்கள் என்பதை நீ சொல்வாய். "இந்தப் பாட்டி எதுக்குடி ரெண்டு குடை வாங்குது? யாரோ வர்றாங்க." அன்று முழுக்க அந்த யாரோ ஒருவருக்காக நாம் இரண்டு பேரும் காத்திருப்போம்.

போன வருஷம் ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்குமா? எல்லா லேப்டாப்பையும் நீள மேசையில் வரிசையாக அடுக்கி, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி படைத்தோம். மறுநாள் காலைவரை ஒன்றையும் தொடக்கூடாது. ஆனால் பிரான்சில் ஏது ஆயுத பூஜை? அவசரம் என்று அங்கிருந்து வேலை வந்துவிட்டது. மதாம் கையைப் பிசைந்தார்கள். "சாமி, கொஞ்சம் கண்ண மூடிக்கோ" என்று சொல்லி நீ உன் லேப்டாப்பை மட்டும் உருவி எடுத்தாய்.

மறுநாள் அந்தச் சன்னல் திறக்கவில்லை. இந்தக் கணினிக்கு லைசென்ஸ் இல்லை, நிர்வாகியைக் கேட்கவும் என்று வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் திறந்தது.

"பூஜையில இருந்தத எடுத்த இல்ல? கோவிச்சிக்கிச்சி" என்றார்கள் மதாம்.

நீ உண்மையாகவே பயந்துவிட்டாய். தட்டில் கற்பூரம் ஏற்றி லேப்டாப்பை மூன்று சுற்று சுற்றினாய். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினாய். லைசென்ஸ் இல்லை என்றே வந்தது. பிறகுதான் முசேவுக்குப் போன் போட்டாய். அங்கேயே இருந்து அந்த நாட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற நம் ஊர்க்காரர்; பிரெஞ்சில் ஐயா என்பதைத்தான் முசே என்போம். அவர் முகத்தை நாம் பார்த்ததேயில்லை. அவர் குரல் மேசை போனிலிருந்து அறை முழுக்கக் கேட்டது.

"கற்பூரமா? மொதல்ல அத தூரமா வையிங்க மா, உள்ள பேட்டரி இருக்குது!"

"அப்போ தோஷம் இல்லீங்களா முசே?"

"தோஷம் இல்ல மா, தவணை. தற்காலிகமா குடுத்தது, நாள் முடிஞ்சி போச்சி."

ரெஜிஸ்ட்ரி என்ற இடத்துக்குள் போய், பழைய லைசென்ஸ் இருக்கும் வரியை மட்டும் அழிக்கச் சொன்னார். "பக்கத்து வரிய அழிச்சிட்டா லேப்டாப்பே போயிடும், ஜாக்கிரத" என்றார். நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன், உன் காதில் மட்டும். நீ அதைக் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினாய். அழித்த பிறகும் திறக்கவில்லை. ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திற என்றார். திறந்தது. "என்னா சாப்ட்டீங்க முசே?" என்று ஆரம்பித்து அவரை நெடுநேரம் விடாமல் பிடித்து வைத்திருந்தாய்.

இன்று மத்தியானம் எனக்கும் அதே வாசகம் வந்தது. இந்தக் கணினிக்கு லைசென்ஸ் இல்லை.

மதாம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "முசேகிட்ட நீயே பேசிடு. நான் வர்றதுக்குள்ள சரியாவலன்னா வீட்டுக்குப் போ மா. வேற மெஷின் வந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார்கள்.

சொல்லி அனுப்பினாலும் நான் வர முடியாது, அக்கா. வேலைக்குப் போனது போதும் என்று அம்மா தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சும் எடுத்திருக்கிறாள். ஒரு நாள் சும்மா வீட்டில் உட்கார்ந்தால் போதும், அது அப்படியே நிலைத்துவிடும்.

நானே செய்துவிடலாம் என்று பார்த்தேன். நீ அன்று செய்ததில் பாதிதான் நினைவிருந்தது. பக்கத்து வரியை அழித்தால் லேப்டாப்பே போய்விடும் என்பது மட்டும் முழுசாக நினைவிருந்தது. உன் லேப்டாப்.

போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே எண்களை அழுத்தினேன். மணி அடிக்க அடிக்க, அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அலோ! என்னா மா, மறுபடியும் கற்பூரம் கொளுத்துனீங்களா?"

பழக்கத்தில் கேட்டுவிட்டார். அடுத்த நொடியே அவருக்கு நினைவு வந்துவிட்டது. மழைச் சத்தம் மட்டும் என் பக்கத்திலிருந்து அவருக்குக் கேட்டிருக்கும்.

"மன்னிச்சிக்கோ மா. மதாம் சொன்னாங்க. யாரு பேசுறது?"

என் பெயரைச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். இன்னொரு முறை சொன்னேன்.

"ஓ, காதுல எழுத்து படிச்ச பொண்ணா? சொல்லு மா."

சொன்னேன். அவர் அங்கே ஏதோ தட்டிப் பார்த்தார். "லைசென்ஸ் ஆளுக்கு இல்ல மா, மெஷினுக்கு. ரொம்ப நாள் அது இந்தப் பக்கம் வரலன்னா, குடுத்தது தானா திரும்பி வந்துடும். இங்க ஒண்ணே ஒண்ணு சும்மா கெடக்குது. அந்த லேப்டாப்போடதுதான். இன்னும் யாரும் எடுக்கல."

நாங்கள் இங்கே உன் பெயரைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது, எங்கேயோ தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர் நீ வராததைக் கவனித்திருக்கிறது. இன்றைக்கு வருவாய், நாளைக்கு வருவாய் என்று நாள் விட்டுப் பார்த்திருக்கிறது. பிறகு யாரிடமும் கேட்காமல், உனக்குக் கொடுத்ததை எடுத்து உள்ளே வைத்திருக்கிறது.

"கேக்குதா மா? பழசு இருக்குற வரிய அழி. நான் சொல்லச் சொல்லப் படி."

இந்த முறை காதில் சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் போனுக்குள்ளேயே படித்தேன். "அதேதான்" என்றார். அழித்தேன். ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். திரை கறுத்தது. பிறகு அந்தச் சன்னல் திறந்தது. உள்ளே காலை. அடிக்க வேண்டிய விலாசங்கள் வரிசையாக நின்றிருந்தன.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சி முசே."

"நல்லது மா. வெச்சிடட்டுமா?"

நான் போனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "முசே, அங்கயும் மழையா?" என்று கேட்டேன்.