டின்னுக்கு எதிராக ஒரு கிண்ணம்

நவம்பர் 5, செவ்வாய்

அம்மாவின் பட்டியல் வந்துவிட்டது. மாதக் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவள்தான் தீர்மானிப்பாள். மேல்முறையீடு கிடையாது. ஹெஸ்டர் அத்தை: பீன்ஸ். அப்பா: சாஸ் டின். எனக்கு, ஆறாவது வருடமாக: ஐஸ் கட்டி, இரண்டு பை.

ஆறு வருடங்களுக்கு முன் பன் சுடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பன் அடுப்பிலும் நான் ஒரு நாவலின் நல்ல கட்டத்திலும் இருந்தோம். தீயணைப்பு வண்டி வந்தது. வந்த நால்வருக்கும் வான்கோழி பரிமாறினோம்.

இருபத்தெட்டு வயதாகிறது. உறைந்த தண்ணீரைத் தவிர வேறெதையும் என்னை நம்பி ஒப்படைக்க மாட்டார்களா?

நவம்பர் 6, புதன்

போனில் அம்மாவிடம் கேட்டே விட்டேன். கிரான்பெர்ரி சாஸ் நான் செய்யட்டுமா?

"அது அப்பாவோட டின்னுடி, வின்னி. அதுல யாரும் கை வைக்க முடியாது."

உண்மைதான். அக்டோபர் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிதக்கும் கிரான்பெர்ரிப் பழத்தை வாரிக் கரை சேர்ப்பவர் அப்பா. ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ஆனாலும் அவர் தட்டுக்கு டின் சாஸ்தான் வர வேண்டும். டின்னைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு ஒரு குலுக்கு. ‘சளக்’ என்ற சத்தத்தோடு, உறைந்த சிவப்பு உருளை முழுசாக இறங்கி, டின்னின் வரிகளெல்லாம் உடம்பில் பதிந்தபடி தட்டில் நிற்க வேண்டும். நாங்கள் கைதட்டுவோம். அதற்குப் பிறகுதான் வான்கோழிக்கே மரியாதை.

அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு அம்மா இறங்கி வந்தாள். "சரி, கொண்டு வா. ஐஸும் கொண்டு வா. உன் கிண்ணத்துல ஒருத்தராவது ரெண்டாந்தரம் கரண்டி விட்டா, பட்டியல்ல உனக்கு சாஸ்னு எழுதறேன். இல்லேன்னா ஆயுசுக்கும் ஐஸ்தான்."

சம்மதித்தேன். என்ன திமிர் எனக்கு.

நவம்பர் 9, சனி

நூலகத்திலிருந்து எட்டுப் புத்தகங்கள். சர்க்கரையின் வரலாறு, ஆரஞ்சு கடல் கடந்த கதை, பழங்கள் ஏன் உறைகின்றன என்பதற்குத் தனியாக ஒரு தடிப் புத்தகம். மாலைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது, அடுப்பை எப்போது அணைப்பது என்பதைத் தவிர.

நவம்பர் 10, ஞாயிறு

முதல் முயற்சி. பழம், சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு. பத்து நிமிடத்தில் பழங்கள் படபடவென்று வெடித்தன. கூரையில் மூன்று சிவப்புப் புள்ளிகள். ஆனால் சாஸ் தண்ணீராக ஓடியது. கெட்டியாகட்டும் என்று மேலும் கொதிக்கவிட்டேன். இன்னும் ஓடியது. இன்னும் கொதிக்கவிட்டேன்.

ஆறிய பிறகு கரண்டி நெட்டுக்குத்தலாக நின்றது. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வந்தது. சூட்டில் ஓடினால்தான் ஆறும்போது சரியாக உறையுமாம் — அந்தத் தடிப் புத்தகத்தில், அடிக்குறிப்பில், பொடி எழுத்தில். இதை அட்டையில் போடக் கூடாதா?

நவம்பர் 16, சனி

இரண்டாம் முயற்சி. பதம் சரி. வாசனைக்கு இரண்டு ஆரஞ்சின் தோலைச் சீவிப் போட்டேன், உள்ளே இருந்த வெள்ளையோடு சேர்த்து. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எலுமிச்சையின் தோலும்.

ஹெஸ்டர் அத்தை அந்த நேரம் பார்த்து வந்தாள். அவள் அப்பாவின் தங்கை. யார் வீட்டிலும் கதவைத் தட்டிப் பழக்கமில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண் இரண்டும் தனித்தனித் திசையில் போயின.

"நல்லாத்தான் இருக்கு, கண்ணு. இது எந்த வியாதிக்கு?"

நவம்பர் 17, ஞாயிறு

அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். தபால்காரர் என் உடம்பு தேவலையா என்று விசாரித்தார்.

நவம்பர் 23, சனி

அப்பா ஒரு பை பழத்தோடு வந்தார். "எனக்கென்னவோ டின்னே போதும்மா" என்றார். சொல்லிவிட்டு, மேஜையருகே உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகத் தரையில் போட்டுப் பார்த்தார். துள்ளினால் நல்ல பழம், கிண்ணத்துக்கு; துள்ளாவிட்டால் குப்பைக்கு. முக்கால் மணி நேரம். டின்னே போதும் என்கிற மனிதர்!

அவர் போனபின் மூன்றாம் முயற்சி. ஒரே ஒரு ஆரஞ்சு. மேல்தோலின் நிறத்தை மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு, துருவினேன். பழம் வெடித்து அடங்கியதும் அணைத்தேன். தளதளவென்று ஓடிக்கொண்டிருந்தது. கை அடுப்புக் குமிழை நோக்கிப் போயிற்று. என்னை நானே நம்பாமல், கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு மணி நேரம் குளிரில் நடந்தேன்.

திரும்பி வந்தபோது உறைந்திருந்தது. மெத்தென்று. ஒரு கரண்டி சாப்பிட்டேன். அப்புறம் எத்தனை என்று எழுத வேண்டாம்.

நவம்பர் 27, புதன்

விருந்துக்கானதையும் செய்து முடித்தேன். அதே போல வந்தது. பயமாக இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

பன்னிரண்டு பேர். என் கிண்ணம் உப்புக் குப்பிக்குப் பின்னால். அம்மா அதற்கு எதிரே உட்கார்ந்து நடுவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா டின்னோடு எழுந்தார். இந்த வருடம் உற்சாகம் கொஞ்சம் அதிகம். கையைத் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினார். சளக். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து, உருளை இரண்டாகப் பிளந்தது.

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தைதான் பேசினாள். "என்ன இப்போ, யாராவது செத்தா போயிட்டாங்க? அந்தப் பொண்ணோட கூழை எடுங்க. நடுவுல பூசி ஒட்டுங்க."

ஒட்டினார். என் மூன்று வார உழைப்பை வெண்ணெய்க் கத்தியால் எடுத்து, கொத்தனார் சாந்து பூசுவது போலப் பூசி, இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒட்டு இருந்த துண்டு அப்பாவுக்கு. மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"இது என்னது?"

"ஆரஞ்சுத் தோல்ப்பா."

"ம்."

அவ்வளவுதான். ஆனால் தட்டில் வழிந்திருந்ததைக் கத்தி முனையால் வழித்து வழித்து, தட்டு கீறுகிற வரை தின்றார். கிண்ணத்தின் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. முப்பது வருடம் டின்னுக்காகப் பேசிய மனிதர் எப்படித் திரும்புவார்? மற்றவர்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் வாதாடினேன். ஒட்ட எடுத்தாரே, அது கணக்கில் வராதா?

"அது கத்தி. நான் சொன்னது கரண்டி. செல்லாது."

பிறகு, துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்கும் கொண்டு வந்து பாரு" என்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

கிறிஸ்துமஸ் பட்டியல் வந்தது. என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி. ஐஸை விட மேல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 25, புதன்

அப்பா டின்னைக் கவிழ்த்தார். இந்த முறை தட்டுக்கு மிக அருகில், கோழிமுட்டையை இறக்கி வைப்பது போல. சளக். முழு உருளை. ஒரு வரிகூட நசுங்கவில்லை. இவ்வளவு அழகாக ஒரு வருடமும் வந்ததில்லை.

கைதட்ட எல்லோரும் கையைத் தூக்கினோம்.

அப்பா அதையே பார்த்தபடி நின்றார். என் கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, நிதானமாக, நட்டநடுவில் ஒரே வெட்டு.

"அடடா, உடைஞ்சு போச்சே" என்றார். "அம்மாடி வின்னி, அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளு. அப்படியே ஒரு கரண்டியும் கொடு. பெரிசா."