உன் நெஞ்சுக்குள் நான் பார்த்தது

என் பிரியமான அண்ணனுக்கு,

உன் முதல் திவசமும் முடிந்துவிட்டது. நம் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. நீ ஓட்டிய நாங்குநேரி பஸ்ஸை வேறொருவர் ஓட்டுகிறார்; ஹாரனைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாத மனிதர். நான் அதே ஆஸ்பத்திரி லேபில்தான் இருக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் இன்னமும் உன் நெஞ்சுதான் தெரிகிறது.

உன் நுரையீரலிலிருந்து எடுத்த துணுக்கு என் மேஜைக்குத்தான் வந்தது. நான்தான் சாயம் ஏற்றினேன். டாக்டர் பார்த்துவிட்டுப் புற்று என்றார். பெரியப்பா எங்களை உட்காரவைத்து, "அந்தப் பேரு அவன் காதுலயும் விழக் கூடாது, அவன் பொண்டாட்டி காதுலயும் விழக் கூடாது. சளிக்கட்டுன்னு சொல்லுங்க" என்றார். நம் வீட்டில் அந்த நோயின் பெயரை யார்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்? நானும் தலையாட்டினேன்.

நீ விடவில்லை. "ஏட்டி, நெசமாச் சொல்லு. உள்ள என்னத்தப் பாத்த?"

"சளிதாண்ணே."

"சளிக்கா இந்தப் பாடு? என் ஒடம்பு ஒண்ணுமே செய்யாம சும்மாவா கெடக்கு?"

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் நோயின் பெயரையும் சொல்ல வேண்டியிருக்குமே!

இப்போது கேள். புற்றணுக்களைச் சுற்றி, கருநீலமாக, சின்னச் சின்ன வெள்ளையணுக்கள் வந்து அடைந்திருந்தன. கிளை கிளையாகக் கைநீட்டும் ஓர் அணு, புற்றின் துணுக்கொன்றை எடுத்துக்கொண்டு நெறி கட்டும் இடத்துக்குப் போகுமாம். அங்கே இருக்கும் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டுமாம். அவற்றில் சில உதவிக்காரர்கள். அவை சுரப்பதுதான் மற்றவற்றைத் தட்டி எழுப்பும். எழுந்தவை பெருகி, ரத்தத்தோடு வந்து, புற்றணுவைத் தொட்டுக் கொல்லும். என் சாயத்தில் எது உதவுகிறது, எது கொல்கிறது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே நீலம்.

பிறகு ஏன் தோற்றன? டாக்டரைக் கேட்டேன். புற்று அவற்றை மயக்கித் தூங்கவைத்துவிடும் போலிருக்கிறது, எப்படியென்று இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார்.

நேற்றுக் காலை குறுக்குத்துறை ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி நின்றேன். மீன்குஞ்சுகள் வந்து வந்து தொட்டன. ஆறே உன் உடம்பாகிவிட்டதாகவும், அந்தக் குஞ்சுகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு எங்கோ போவதாகவும் தோன்றியது. நானும் பின்னாலேயே பைய நீந்தினேன். யாருக்கும் அவசரமில்லை. நீ இருமவே இல்லை. எவ்வளவு நேரம் போனதோ, விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது.

கண்ணைத் திறந்தால், படியில் மதினி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "வெறும் சளிக்கு யாராவது சாவாவளா, செண்பகம்? ஒங்க அண்ணன் மனச விட்டுட்டாவ. எனக்காகவாவது இருக்கணும்னு தோணலியே அவியளுக்கு."

நேற்றும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ செய்யாத தப்புக்கு அவள் ஒரு வருஷமாக உன்னைக் கோபித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு நான் செய்த துரோகம் அதுதான் அண்ணே.

இன்று சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போகிறேன். பெரியப்பா கோபித்தால் கோபிக்கட்டும். நோயின் பெயரையும் சொல்வேன், என் பொய்யையும் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்: "மதினி, அண்ணன் மனச விடல. ஒங்களோட இருக்கத்தான் அவன் ஒடம்பு அம்புட்டு சண்ட போட்டுச்சு. நான் கண்ணால பாத்தேன்."

உன்னிடம் பொய் சொன்ன தங்கை,
செண்பகம்