அதே கட்டம் போட்ட சட்டை

அடி மேபல், எப்படி இருக்கிறாய்? உன் தங்கச்சி வீட்டில் அடுப்பு புகையாமல் எரிகிறதா? இங்கே நம் குதிரை பிஸ்கட்டுக்குப் பல் போய்விட்டது. ஓட்ஸை ஊறவைத்துக் கொடுக்கிறேன்.

பேச்சு எங்கேயோ போகிறது. இன்றைக்குப் புது கௌபாய் ஹீரோவுக்குச் சட்டை மாட்டிவிட்டேன். "என்ன பெருசு, பழைய படத்துச் சட்டையேவா? உங்க கம்பெனிக்கு வேற துணியே கிடைக்கலியா?" என்று சிரித்தான். பாவம், அவனுக்குத் தெரியாது. ஹீரோவுக்குப் பதிலாக நம் மகன் கிளைட் குதிரையிலிருந்து விழுந்து செத்த அந்தக் காட்சியைத்தான் காசை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு புதுப் படத்திலும் ஒட்டுகிறார்கள். ஒட்டினது தெரியாமலிருக்க, ஹீரோவும் அதே மாதிரிச் சட்டை போடணும்.

படம் உங்கள் ஊருக்கும் வரும். பார்க்காதே. நான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். நீ போனால், அவன் விழுந்ததும் அழுதுகொண்டு வெளியே ஓடிவிடாதே, கொஞ்சம் இரு. அடுத்த காட்சியில் அந்தச் சட்டை தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும். முகத்தைப் பார்க்காதே. முதுகை மட்டும் பார்த்தால்...

"யோவ் பெருசு! குதிரையக் கொண்டாய்யா, வெளிச்சம் போகுது!"

இதோ கூப்பிடுகிறார்கள். முதுகை மட்டும் பார்த்தால், மேபல், ஒரு நிமிஷம் அவனேதான்