இடைவெளி இல்லாத வரி

மார்ச் 4, செவ்வாய்

மேலாளர் இன்று கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். தட்டச்சுப் பிரிவை இந்த மாதத்தோடு மூடுகிறார்களாம். நான் போகிற மாலைநேரக் கணினி வகுப்பில் தேறினால் என்னைக் கணினிப் பிரிவுக்கு மாற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் இல்லை. "உங்களப் போகச் சொல்ல எனக்கு மனசே இல்லம்மா" என்றார். மனசு இல்லாதவர் ஏன் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்தார்?

தேறுவதற்கு மிச்சமிருப்பது ஒன்றுதான். லெக்சர் என்கிற பிரிப்பு நிரல். வகுப்புக்காக நாங்களே உண்டாக்கிய சின்ன நிரல்மொழி ஒன்று இருக்கிறது. அதில் எழுதிய வரியை வாங்கி, இது பெயர், இது எண், இது குறி என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் நிரலை நான் எழுத வேண்டும். துண்டுகள் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது என் கூட்டாளியின் பங்கு. பகலில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். "பிரிச்சு மட்டும் குடுங்க சிஸ்டர், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்கிறார். ஏதோ மாத்திரை அட்டையைப் பிரித்துக் கேட்கிற மாதிரி.

மார்ச் 8, சனி

வேலை செய்கிறது! இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வரியை வெட்டினேன். வெட்டிய துண்டு எண்ணா, பெயரா, குறியா என்று பார்த்தேன். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தேன்? சோதனை வரிகளையும் நானே அடித்து மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்தேன். அவர் பக்கமும் பிழை இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர். "பட்டன அமுக்கினா மேல போகுதுல்ல? அப்ப சரி" என்றார்.

மார்ச் 12, புதன்

மானம் போயிற்று.

என் நிரலைச் சோதிக்க உட்கார்ந்ததும் வகுப்புப் பேராசிரியை தானே ஒரு வரி அடித்தார். மொத்தம்=விலை+5. நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. என் நிரல் முழு வரியையும் ஒரே துண்டாக வைத்துக்கொண்டு 'தெரியாத சொல்' என்றது. இன்னொரு வரி அடித்தார். அதுவும் அப்படியே. "எல்லாரும் உங்கள மாதிரி இடம் விட்டு அடிப்பாங்களாம்மா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

குறிக்கு முன்னால் இடைவெளிக்கு ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. இத்தனை வருஷத் தட்டச்சில் விரல் தானாகவே போகிறது. இடம் விடாமல் ஒருத்தர் அடிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! பரீட்சையை நானே எழுதி, நானே திருத்தி, நானே நூற்றுக்கு நூறும் போட்டுக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரரின் பங்கைத் தனியாகச் சோதித்தார். அவர் தேறிவிட்டார். எனக்குப் பேராசிரியை ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 13

ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்கிறது புத்தகம். படிக்கிறேன். 'விலை' எங்கே முடிகிறது? அடுத்த எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். கூட்டல் குறி வந்தால் பெயர் முடிந்தது. சரி, பெயரைத் துண்டாக எடுத்து வைக்கிறேன் — அந்தக் கூட்டல் குறி எங்கே? மொத்தம் வருகிறது, விலை வருகிறது, 5 வருகிறது. குறி ஒன்றுகூட இல்லை. எங்கதான் போய்த் தொலையுது?

மருந்துக்கடைக்காரர் போனில் கூப்பிட்டார். "நான் வேணா எழுதித் தந்துரட்டுமா சிஸ்டர்?" வேண்டாம் என்றேன். வீம்பா? தெரியவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும்தான்.

வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லு." சொல்ல என்ன இருக்கிறது? அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், எழுந்து போய்த் துணி மடித்தார்.

மார்ச் 19, புதன்

குறிகளை இன்றும் காணோம். பேராசிரியை திரையை வெகுநேரம் பார்த்தார். "கிட்ட வந்துட்டீங்கம்மா. ஆனா நாளைக்கு மார்க் அனுப்பியாகணும். என் கையில இல்ல." யார் கையில்தான் இருக்கிறது? மேலாளரைக் கேட்டால் அவர் கையிலும் இல்லை என்பார்.

பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

மார்ச் 20

தேறவில்லை. மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். "அடடா" என்றார். அடடாவாம்.

மார்ச் 22, சனி

பாத்திரம் கழுவும்போது பிடிபட்டது. பெயர் முடிந்ததா என்று அறிய அடுத்த எழுத்தைப் படிக்கிறேன் அல்லவா? அப்படிப் படித்த குறியை மறுபடி வரிசையில் வைக்கவே இல்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஈரக் கையோடு ஓடிப்போய் ஒரே ஒரு வரி சேர்த்தேன். மொத்தம், சமக் குறி, விலை, கூட்டல் குறி, 5. எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

வீட்டுக்காரரை ஒரு வரி அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால், எங்கும் இடமே விடாமல் அடித்தார். சரியாகப் பிரித்தது.

"அட, கரெக்டா பிரிச்சிருச்சே! இப்ப பாஸ் போட்ருவாங்கல்ல?"

"மார்க் போயிருச்சுங்க."

அவர் இன்னொரு வரி அடித்தார். அதையும் சரியாகப் பிரித்தது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டு, என்னைப் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதத்தை நானே அடித்துவிடச் சொன்னார். "வேற யாருக்கும் டைப்பிங் வராதும்மா, தப்பா நெனச்சுக்காதீங்க."

அடித்தேன். படித்துப் பார்த்துவிட்டு, ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.