கும்பத்துத் தேங்காய்

14 ஒக்ரோபர், செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று வைலே நகரில் ஆற்றோர றோட்டைப் பூட்ட வைத்தது மழையில்லை. நான்தான்.

றோட்டு மழைத்தண்ணீர் ஒரு பெரிய குழாயால் ஆற்றுக்குப் போகிறது. குழாய் வாயில் இரும்புக் கதவு ஒன்று தொங்கும். ஆறு ஏறினால் அது தானாகச் சாத்தி, தண்ணீர் திரும்பி வராமல் மறிக்கும். அதைத் துப்புரவாக வைத்திருப்பது கொம்யூனில், அதாவது நகரசபையில், என் வேலை. நேற்று சாத்தவில்லை, ஆற்றுத் தண்ணீர் றோட்டில் ஏறிவிட்டது. இன்று கையை விட்டுப் பார்த்தேன். இடுக்கில் ஒரு தேங்காய். குங்குமப் பொட்டுக்கூட மிச்சம்.

எங்கள் வீட்டு நவராத்திரிக் கும்பத்துத் தேங்காய். "கால் படாத இடமாப் பாத்து, ஓடுற தண்ணியில விடுங்கோ" என்று மனிசி தந்தது. கதவுக்கு மேல்பக்கம் குழாய்க்குள் விட்டேன். எனக்குக் கிட்டின ஓடுற தண்ணி அதுதானே!

என்ன கிடந்தது என்று மேலாளர் போவுல் கேட்டான். மரக்கட்டை என்றேன். தேங்காயை வான் வண்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

15 ஒக்ரோபர்

மனிசி சரோஜினிதேவி வேலை செய்கிற முதியோர் இல்லம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கார் ஓடத் தெரியாது. பஸ்தான். இந்த மாரியில் இன்னொருக்கா றோட்டைப் பூட்டினால் பஸ்ஸை ஒரேயடியாக மேல் றோட்டால் விடப்போகிறார்களாம். பிறகு காலை வேலைக்கு அவள் போய்ச் சேர வழியில்லை. பதினெட்டு வருட வேலை.

"உம்மட கும்பம்தான் உம்மட பஸ்ஸை மறிச்சது" என்றேன்.

"விட்டது ஆர்? நானோ?"

"தந்தது ஆர்?"

"பகிடியை விடுங்கோ. தேங்காய் எங்க?"

"வானுக்க."

"குப்பையில கிப்பையில போட்டிடாதேங்கோ. குற்றம்."

17 ஒக்ரோபர், வெள்ளி

இன்னும் வானுக்குள்தான். இன்றைய பூசைப் பூவும் சேர்ந்துவிட்டது.

20 ஒக்ரோபர்

போவுல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தான். கதவு பிழையாம். றோட்டைக் கிண்டி வேறு போடப்போகிறார்களாம். இரண்டு மாதம் பூட்டு!

இனிப் பேசாமல் இருக்கலாமோ? நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் பிழை கதவில் இல்லை என்பது விளங்கும்.

"கட்டை இல்லை, தேங்காய்" என்றேன். "கடவுளுக்கு வைச்சது."

போவுல் வரைபடத்திலிருந்து கையை எடுத்தான். பிறகு, "உன்ர கடவுளுக்குச் சொல்லு, அடுத்தமுறை கதவுக்குக் கீழ விடச் சொல்லி" என்றான். பகிடியில் அவனும் என்னைப்போல ஆள்தான்.

வரைபடத்தைச் சுருட்டினான். கதவுக்கு முன்னால் கம்பிவலை அடிக்கிறோம். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் நான் போய்க் கை விட்டுப் பார்க்கவேண்டும்.

29 ஒக்ரோபர்

வலை அடித்தாயிற்று. முதல்நாளே ஒரு சப்பாத்து அகப்பட்டது. அது எங்கள் வீட்டுடையது இல்லை.

21 நவம்பர், வெள்ளி

மூன்று நாளாக மழை. விடிய ஐந்தரைக்கே போய்விட்டேன். ஆறு கரையைத் தாண்டத் தொடங்கியிருந்தது. கதவு சாத்தியிருந்தது, வடிவாக. றோட்டில் ஏறி நின்றேன். றோட்டில் மழை ஈரம் மட்டும்.

காலை ஆறு ஐம்பதுக்கு பஸ் வந்தது. கண்ணாடியால் சரோ கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் விரலை நீட்டிக்கொண்டு போனாள்.

திரும்பிப் பார்த்தேன். வானை றோட்டுக்குக் கீழே ஆற்றுப் பக்கம் விட்டிருந்தேன். சீற் வரைக்கும் தண்ணீர். பின்கதவு திறந்து கிடந்தது. ஐந்து கிழமைப் பூவும் தேங்காயும் ஆற்றோடு போய்விட்டன.

கதவுக்குக் கீழ்ப்பக்கம்தான், போவுல் சொன்ன மாதிரியே.