நீலக்கண்ணா, குண்டுபல்பா, கறுப்பா

மார்ச் 3, செவ்வாய்

ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது. காலையில் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் பாடியது, பிறகு அதுவும் இருமிவிட்டு அடங்கியது. மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தான். "இதுக்கு பார்ட்ஸ் எங்கேயும் கிடையாது பெரியவரே, புதுசு வாங்கிடுங்க."

இதைப் போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. ஆயுசு முழுக்க அச்சாபீசில் மெஷின் ஓட்டினேன். மலை மலையாக எழுத்தைச் சுமந்தேன், ஒன்றையும் படிக்கத் தெரியாது. மகள்தான் இந்த வழியைக் காட்டிவிட்டுப் போனாள். அழுத்தினால் திருப்பி வாசிக்கவும் செய்கிறது. என் துக்கத்தை வானிலை அறிக்கை மாதிரி வாசிக்கிறது.

செத்தது பெட்டி. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏன்? மச்சினனுக்குப் போன் போட ஒரு காரணம் கிடைத்ததே.

மார்ச் 4

போட்டேன். எதை வாங்கலாம் என்று கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டான். "பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வு செட்டுதான் அத்தான். டிரான்சிஸ்டர் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. அதுல வர்றது பாட்டு இல்ல, பாட்டோட எக்ஸ்ரே."

நாற்பது வருஷம் பஸ் ஓட்டி இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த காது. அது பேசுகிறது!

நேரில் வந்து சொல்லேன் என்றேன். முட்டி வலியாம். நேற்றுதான் யார் வீட்டுக் கல்யாணத்திலோ மூன்று மாடி ஏறினானாம், மகள் சொன்னாள்.

மார்ச் 8, ஞாயிறு

முன்பெல்லாம் ஞாயிறு என்றால் மச்சினன் வருவான். கக்கத்தில் இசைத்தட்டு, வாயில் வம்பு. மூன்று நாற்காலிகள். நானும் அவனும் இரண்டு ஓரத்தில், நடுவில் அவன் அக்கா, என் வீட்டுக்காரி. எந்தக் கம்பெனிப் பெட்டி உசத்தி என்று நாங்கள் கத்துவோம். "ரெண்டு பேரும் வாய மூடினா பாட்டு கேக்கும்" என்பாள். அவளுக்கு எந்தப் பெட்டியானாலும் ஒன்றுதான்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவன் இந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இல்லாத சண்டைக்கு யாரைத் தூது அனுப்புவது?

மார்ச் 10

கடைக்குப் போனேன். மாடியில் தடித்த கம்பளம் விரித்த அறை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றை நாற்காலியில் உட்கார வேண்டும். கடைக்காரர் மெக்கின்டாஷ், லக்ஸ்மேன், நேம் என்று கம்பெனிப் பேராக அடுக்கினார். பேரை வாசிக்கத் தெரியாதவன் முகத்தைத்தான் பார்க்க முடியும். நான் பேர் வைத்துக்கொண்டேன். முள் ஆடுகிற நீல ஜன்னல் இரண்டு வைத்தது நீலக்கண். தலைமேல் வால்வுகள் எரிவது குண்டுபல்ப். பச்சைப் பொட்டு வைத்தது கறுப்பு.

"உங்க வீட்டுல வெச்சுக் கேக்காம முடிவு பண்ணாதீங்க" என்றார். மூன்றையும் ஒரு வாரம் வீட்டுக்கே அனுப்புவார்களாம். இந்த வியாபாரத்தில் அது வழக்கமாம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெண்ணையே வீட்டுக்கு அனுப்பிவைக்கிற மாதிரி.

மார்ச் 12

வந்து இறங்கின. தூக்கி வந்த இருவரும் படிக்குப் படி என்னைச் சபித்தார்கள்.

மச்சினனைக் கூப்பிட்டேன். ஒரு வாரம்தான் இருக்கும், வந்து கேள் என்றேன்.

"போனைப் பக்கத்துல வெச்சுப் போடுங்க அத்தான். நான் இங்கேருந்தே சொல்றேன்."

மார்ச் 13

வெட்கக்கேடு. இரண்டு கிழவர்கள், மூன்று ராஜா வீட்டுப் பெட்டிகள், நடுவில் கட்டைவிரல் நகம் அளவு போன் ஸ்பீக்கர். எது எது என்று சொல்லாமல் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டேன்.

"இதுதான்! மூணாவது! அந்தக் குரலைப் பாருங்க, வெந்நீர்ல குளிச்சிட்டு வந்த மாதிரி. வால்வுன்னா வால்வுதான்!"

மூணாவது கறுப்பு, வால்வே இல்லாத டிரான்சிஸ்டர். சொன்னேன்.

உடனே கட்சி மாறினான். "போன்ல கேட்டா கழுதையும் குதிரையும் ஒண்ணுதான்."

"அதைத்தான்டா நானும் சொல்றேன். வாடா. வந்து கேளுடா."

"அங்க வந்தா அக்கா நாற்காலியைப் பாக்கணும் அத்தான்" என்றான். வைத்துவிட்டான்.

நான் மட்டும் பாக்கலையா? தினம் பாக்கறேனே. எனக்கு மட்டும் கண்ணு கல்லா?

மார்ச் 14

காலையில் அவள் நாற்காலியை உள்ளறைக்கு நகர்த்தினேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து போட்டேன்.

மார்ச் 17

நாலு நாளாக நான் மட்டும் கேட்கிறேன். நீலக்கண் சபையில் எழுந்து நின்று பேசுகிற பெரிய மனுஷன். எதற்கும் மூச்சு வாங்காது. கறுப்பு தாளக்காரன், போட்டதும் கால் தானாக ஆடுகிறது. குண்டுபல்பில்தான் பாடுகிறவள் அடுத்த நாற்காலிக்கு வந்து உட்காருகிறாள்.

எனக்குப் பிடித்தது குண்டுபல்ப். அவன் சொன்னதுதான் சரி, பாவி.

அதை வாங்கினால் என்ன ஆகும்? போனிலேயே "நான்தான் சொன்னேனே" என்பான். ஜெயித்தவன் எதற்குப் படியேறி வரப்போகிறான்?

மார்ச் 19

கறுப்பை வாங்கிவிட்டேன். மற்ற இரண்டையும் எடுத்துப் போனார்கள். குண்டுபல்ப் வாசல் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவனுக்குச் சொன்னேன்.

"என்னது? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! அக்கா இசைத்தட்டையெல்லாம் அதுலயா போடப்போறீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. வால்வெல்லாம் பழைய ஆளுங்க சமாசாரம்."

பொய் சொல்லும்போது நாக்கு தடித்தது. பட்டென்று வைத்துவிட்டான். போச்சா? இருந்த ஒரு நூலையும் அறுத்துட்டேனா?

மார்ச் 21

போன் வரவில்லை. நானும் போடவில்லை. பாட்டும் போடவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கீழ்ப்படியிலேயே குரல் ஆரம்பித்துவிட்டது. "எங்க அது? அந்த இரும்புப் பொட்டி எங்க?" முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். முட்டி வலி நிஜம்தான். இளைத்திருந்தான்.

அறை வாசலில் வாய் நின்றது. நாற்காலியைப் பார்த்தான். உள்ளே வந்து அதன் முதுகில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்து, "போடுங்க, கேட்டுத் தொலைக்கிறேன்" என்றான்.

இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. கண்ணை மூடியே இருந்தான். கன்னம் நனைந்திருந்தது. அவன் கால் தாளம் போட்டதையும் பார்த்தேன். சொல்லவில்லை.

முடிந்ததும் "இரைச்சல்" என்றான். எழுந்து பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். "பொட்டிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. கடைக்காரன் போட்ட ஒயர் மட்டம். எங்கிட்ட தடி ஒயர் ஒண்ணு கிடக்கு, அடுத்த ஞாயிறு கொண்டு வர்றேன். அப்புறம் ஊசிய மாத்திப் பாக்கணும். ஸ்பீக்கர நகத்திப் பாக்கணும். ஒண்ணொண்ணாத்தான் அத்தான். ஒரே நாள்ல முடிவு சொல்ல முடியாது."

கடைக்காரர் போட்டது நல்ல ஒயர்தான்.

"ஆமா, ஒயர் மட்டம்தான்" என்றேன். "மெதுவாப் பாப்போம்."